சீல் உடையாத ஒன்பது பெட்டிகள்

போன மாதம் என் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவன் தயாளன். நான் வேலை செய்த கொழும்பு வெள்ளவத்தைக் கடையில் எனக்குப் பிறகு சேர்ந்தவன். இப்போது சொந்தமாகக் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான். படத்தில் ஒரு பழைய கொம்பியூட்டர் கேம் பெட்டி. தடித்த மட்டை, மேலே வாளோடு ஒரு வீரன், அவனுக்குப் பின்னால் பற்றி எரியும் கோட்டை, எல்லாவற்றையும் சுற்றி மினுங்கும் பொலித்தீன் உறை. வெளிவந்த நாளிலிருந்து யாரும் திறக்காத பெட்டி என்று வெளிநாட்டில் ஒருவர் விற்கிறாராம். விலையைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். விலை குறையவில்லை.

கீழே தயாளன் எழுதியிருந்தான்: "அண்ணை, இது கொம்பனி சீலோ, உங்கட சீலோ?"

இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினேன். மூலைகளைப் பார்த்தேன். பின்பக்கத்து ஒட்டுக்கோட்டைப் பார்த்தேன். சாப்பிடும்போதும் பார்த்து மனைவியிடம் பேச்சு வாங்கினேன். உண்மையைச் சொன்னால், எனக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாத தகப்பன் மாதிரி ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

"எழுதுங்கோ அண்ணை" என்கிறான் தயாளன். "இப்பத்தைய பொடியளுக்கு கேம் எண்டா டவுன்லோட். பெட்டியில வந்தது எண்டா சிரிக்கிறாங்கள்." சிரிக்கட்டும். அந்தப் பெட்டிகளுக்குள் கேம் மட்டும் வரவில்லை என்பதை அவர்களுக்குச் சொல்வதற்கு நான்தான் சரியான ஆள். கெடுத்தவனும் நான்தான்.

என் படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதுவே சுருக்கமானது. கொட்டாஞ்சேனையில் பிறந்தேன். ஏ.எல். எழுதினேன், பரீட்சை என்னைக் கண்டுகொள்ளவில்லை. இரத்மலானையில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் ஆறு வருடம் சேர்ட் மடித்தேன். கொலருக்குள் மட்டை வைத்து, ஊசி குத்தி, மெல்லிய பொலித்தீனில் போட்டு, சூடு காட்டிச் சுருக்கி, சுருக்கம் இல்லாமல் எடுக்கவேண்டும். அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது முதலில் குறைந்தவர்களில் நானும் ஒருவன்.

வெள்ளவத்தையில் காலி வீதியோடு ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் நடராஜா ஐயா ஒரு கொம்பியூட்டர் நிலையம் வைத்திருந்தார். தட்டெழுத்து, போட்டோக்கொப்பி, லமினேற்றிங், கேம் விற்பனை. நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். கொம்பியூட்டரைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று பயந்து, முதல்நாள் ஒரு நண்பனிடம் நாலு சொல் பாடமாக்கிக்கொண்டு போனேன். ஐயா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வெறும் பெட்டியையும் ஒரு துண்டுப் பொலித்தீனையும் மேசையில் வைத்தார்.

"இதை மூடுங்கோ தம்பி."

மூடினேன். மேசை லாச்சியைத் திறந்து பூதக்கண்ணாடி எடுத்தார். பெட்டியை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்கருகில் கொண்டுபோய் மணந்தார்.

"வரேக்க என்ன சாப்பிட்டனீங்கள்?"

"மீன் பணிஸ், ஐயா."

"பெட்டியும் சாப்பிட்டிருக்கு. நாளைக்குச் சாப்பிட முந்தி வாங்கோ."

அப்படித்தான் நான் கொம்பியூட்டர் துறையில் நுழைந்தேன். "மகன் கொம்பியூட்டரில் இருக்கிறான்" என்று அம்மா கொட்டாஞ்சேனை முழுக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் தன் ரேடியோவைக் கொண்டுவந்து தந்தார். அதையும் பொலித்தீனில் சுற்றிக் கொடுத்திருக்கலாம். வேறொன்றும் என்னால் முடிந்திருக்காது.

எங்கள் தொழில் இதுதான். ஐயாவின் மைத்துனர் சிங்கப்பூரில் இருந்து ஒவ்வொரு கேமிலும் ஒரு பெட்டி, ஒரிஜினல், அனுப்புவார். உள்ளே இரண்டு மூன்று பிளொப்பி, ஒரு விளக்கப் புத்தகம், சிலவேளை துணியில் அச்சடித்த தேசப்படம். நாங்கள் உறையைக் கழற்றி, பிளொப்பிகளைக் கொப்பி எடுத்து, புத்தகத்தைப் போட்டோக்கொப்பி எடுப்போம். புத்தகம் இல்லாமல் கேம் ஓடாது. நடுவில் திடீரென்று நின்று, "பன்னிரண்டாம் பக்கம், நாலாம் வரி, மூன்றாம் சொல் என்ன?" என்று கேட்கும். சரியான சொல்லை அடிக்காவிட்டால் முகத்தில் கதவைச் சாத்திவிடும். இரண்டு கொப்பியையும் ஊருக்கு மலிவாக விற்போம். ஒரிஜினலைப் பழையபடி பெட்டிக்குள் வைத்து, நான் மூடி, ஒரிஜினல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் சில பேருக்கு விற்போம்.

ஒரு முறை ஒரு கொம்பனி கெட்டித்தனமாக, சொற்கள் இருந்த பக்கத்தைக் கடும் சிவப்புத் தாளில் கறுப்பு எழுத்தில் அடித்திருந்தது. போட்டோக்கொப்பி மெஷினுக்குள் விட்டால் முழுப்பக்கமும் கறுப்பாக வரும். ஐயா என்னைப் பார்த்தார். நான் மூன்று நாள் ஜன்னலருகே இருந்து, ஒரு சொல் விடாமல் கையால் எழுதினேன். பிறகு இரண்டு கிழமைக்குக் கடைத் தொலைபேசி ஓயவில்லை. என் கையெழுத்தில் இங்கிலீஷ் 'ஈ'யும் 'சி'யும் ஒன்றுபோல இருக்குமாம். கொழும்பில் எத்தனையோ பேர் அந்தக் கேமின் வாசலிலேயே என் கையெழுத்தால் செத்தார்கள். ஐயா தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "தம்பி, உங்களை நான் கழுதை எண்டு சொல்லமாட்டன். நான் பொய் சொல்லுறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். அதாலதான் வாயைத் திறக்காமல் இருக்கிறன்."

ஐயா அப்படித்தான். எல்லோரையும் 'நீங்கள்' என்பார். குரலை உயர்த்தமாட்டார். நெற்றியில் திருநீறு அழியாது. பொய் சொல்லவே மாட்டார். பெட்டியை வாங்க வருகிறவர் "புதுசா?" என்று கேட்டால் "ஓம்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பெட்டியை அவர் கையில் கொடுத்து, "பாருங்கோ" என்பார். பொய்யைப் பொலித்தீன் சொல்லும். பொலித்தீனைச் சுற்றியவன் நான். மேலுலகத்தில் கணக்குக் கேட்கும்போது யார் பெயர் கூப்பிடப்படும் என்று ஐயா தெளிவாக ஏற்பாடு செய்திருந்தார்.

மூடும் முறையைச் சொல்கிறேன்; இனி யாருக்கும் உதவாது. பொலித்தீனைப் பெட்டியின் நீளத்துக்கு இரண்டு விரல் கூட வெட்டவேண்டும். பின்பக்கத்தின் நடுவில் ஒட்டுக்கோடு வரவேண்டும். ஓரத்தில் வந்தால் அது சாப்பாட்டுப் பார்சல். இரும்பு அடிமட்டத்தை வைத்து, அதன் ஓரத்தால் சோல்டரிங் அயனை ஒரே இழுப்பில் இழுக்கவேண்டும். நின்றால் ஓட்டை, ஓடினால் ஒட்டாது. காற்றுப் போக ஊசியால் இரண்டு சின்னத் துளை. பிறகு என் அக்காவின் ஹெயார் டிரையர். அடியிலிருந்து மேலே, ஒரு இடத்தில் ஐந்து எண்ணும்வரைதான். ஆறு எண்ணினால் ஐயாவின் குரல் வரும்: "உள்ளுக்குப் பிளொப்பி இருக்கு தம்பி. மீன் பொரிக்கேல்லை." கடைசியில் மூலைகளில் நிற்கும் காதுகளைச் சவர பிளேட்டால் சீவவேண்டும். பிறகு பூதக்கண்ணாடி. பிறகு மூக்கு.

இதையெல்லாம் ஒரு நிலை கொள்ளாமல்தான் செய்துகொண்டிருந்தேன். எனக்கு இருந்த இடத்தில் இருக்கத் தெரியாது. கால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்தப் போர்க்காலமும் அப்படித்தான் இருந்தது. தூரத்தில் ஒரு லொறி டயர் வெடித்தால் காலி வீதி முழுக்க ஒரு நொடி நின்று, பிறகு நடக்கும். வேலை முடிந்தால் நேரே பஸ், பஸ்ஸில் எங்கே இறக்கிச் சோதிப்பார்களோ என்ற கணக்கு, வீட்டுக்குப் போனால் அம்மா வாசலில். எல்லோருக்கும் ஒரு கால் எப்போதும் படிக்கு வெளியே இருந்தது.

எங்களிடம் ஒரிஜினல் வாங்குகிறவர்களில் முக்கியமானவர் நுகேகொடையில் இருந்து வரும் பியதாச மாத்தயா. சிங்களவர், மாத்தயா என்றால் ஐயா; அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு முறை, வெள்ளைச் சேர்ட், கையில் குடை. ஒரு பெட்டி வாங்குவார். என்ன கேம் என்று கேட்கமாட்டார். சிங்களத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "சீல் உடையலதானே?" ஐயா பெட்டியைக் கையில் கொடுப்பார். "பாருங்கோ மாத்தயா." அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, என் திறமையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போவார்.

இனி அந்த நாள்.

காலை ஒன்பது மணிக்கு பரமேஸ்வரி ரீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். கடைக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு லொட்ஜில் மகனோடு தங்கி, வெளிநாடு போகக் கடவுச்சீட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார். மகன் குகனுக்கு இருபத்திரண்டு வயது. வந்த புதிதில் ஒரு முறை பொலிஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போய், மூன்று நாள் வைத்திருந்துவிட்டு வெளியே விட்டது. அதன் பிறகு பொலிஸில் பதிந்து ஒரு துண்டு வாங்கியிருந்தார்கள். அரைத் தாள். பெயர், வயது, லொட்ஜ், என்ன காரணத்துக்காகக் கொழும்பில் நிற்கிறார், ஒரு கையெழுத்து, ஒரு ஊதா முத்திரை. வெள்ளவத்தையில் ஒரு இளந்தாரியின் உயிர் அந்த நாட்களில் அந்த அரைத் தாளில்தான் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"ரெண்டு கொப்பி, பீற்றர். ஒறிஜினல் பத்திரம்" என்றார் ரீச்சர். "மத்தியானம் வந்து எடுக்கிறன். இந்தக் கிழமை பின்னேரம் நாலு மணிபோல பொலிஸ்காரர் லொட்ஜ் லொட்ஜாப் பாத்துக்கொண்டு வாறாங்கள். நேற்று எங்கட ஒழுங்கை முனையில நிண்டிட்டுப் போனவங்கள். இண்டைக்கு எங்களிட்டத்தான்."

"என்னை நம்பித் தந்திட்டுப் போங்கோ ரீச்சர்" என்றேன். அப்படியேதான் சொன்னேன்.

துண்டை மெஷின் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தேன். மெஷின் சூடாகவில்லை. அதற்குள் "தம்பி, பெட்டி" என்று ஐயாவின் குரல். கோட்டைப் படம் போட்ட கேமின் விளக்கப் புத்தகத்தை முதல்நாளே கொப்பி எடுக்கத் தொடங்கி, இருபத்தொன்பதாம் பக்கம்வரை முடித்திருந்தேன். பியதாச மாத்தயா வரும் நாள், அதற்குள் மூடியாகவேண்டும். கால் ஆடத் தொடங்கியது. புத்தகத்தை விரித்தேன், கண்ணாடியில் கவிழ்த்தேன், பொத்தானை அமுக்கினேன், எடுத்தேன், அடுத்த பக்கம், அடுத்த பக்கம். முடிந்ததும் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அன்றைய ஒட்டுக்கோடு என் வாழ்க்கையிலேயே நேரான கோடு. ஐயா பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு "ம்" என்றார். அது அவருடைய கைதட்டல்.

பதினொரு மணிக்கு மாத்தயா வந்து பெட்டியைக் கொண்டுபோனார். பன்னிரண்டுக்கு ரீச்சர் வந்தார்.

மெஷின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன், துண்டு இல்லை. கடதாசிக் கூடையைக் கவிழ்த்தேன். மேசைக்குக் கீழே போய், அங்கேயே இருந்துவிடலாமா என்று யோசித்தேன். கடைசியில் ஐயாதான், புத்தகக் கொப்பியை ஒவ்வொரு தாளாகத் திருப்பிக்கொண்டிருந்தவர், ஒரு தாளில் நின்றார். முப்பதாம், முப்பத்தோராம் பக்கம் வரவேண்டிய இடத்தில் குகனின் பொலிஸ் துண்டு தெளிவாக அச்சாகியிருந்தது. முத்திரை கூட. துண்டைச் சுற்றி நாலு பக்கமும் கோட்டைப் படத்தின் ஓரங்கள்.

நான் துண்டின் மேலேயே புத்தகத்தைக் கவிழ்த்திருக்கிறேன். எடுக்கும்போது வியர்த்த கையோடு துண்டும் சேர்ந்து புத்தகத்துக்குள் போயிருக்கிறது.

"அப்ப ஒறிஜினல் எங்க?" என்றார் ரீச்சர்.

"நுகேகொடையில" என்றேன்.

ரீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இந்தக் கொப்பியைக் காட்டலாமோ?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரியும். ஒரிஜினல் இல்லாத கொப்பியை எவரும் பார்க்கமாட்டார்கள். தொலைந்துவிட்டது என்று பொலிஸுக்குப் போனால் யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எத்தனை நாளில் முடியும் என்று யாருக்கும் தெரியாது.

"நாலு மணிக்கு வருவினம்" என்றார். "நான் போய் அவனோட இருக்கிறன்." படியிறங்கும்போது திரும்பி, "பீற்றர், நான் படிப்பிச்சதில உம்மைப் போல ரெண்டு பேர் இருந்தவை. ரெண்டு பேரையும் நான் பாஸ் பண்ண விடேல்லை" என்றார்.

ஐயா கடையைப் பூட்டினார். மதியத்தில் ஐயா கடை பூட்டியதை அன்றுதான் கண்டேன். "எல்லாச் சாமானையும் எடுங்கோ. அயன், பொலித்தீன், காத்தடிக்கிற மெஷின்."

"அதெல்லாம் எதுக்கு ஐயா?"

"மனுசன்ர பெட்டியைத் திறக்கப்போறம். திரும்ப மூடிக் குடுக்க வேண்டாமோ?"

த்ரீவீலில் போனோம். கிருலப்பனைச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். சிப்பாய் என் பையைத் திறந்து ஹெயார் டிரையரை வெளியே எடுத்தான். துவக்கால் குறிபார்ப்பதுபோல் பிடித்துப் பார்த்தான். யாருடையது என்று கேட்டான். பயத்தில் "என்னுடையது" என்றேன். அவன் என் தலையைப் பார்த்தான். அப்போதே முன்பக்கம் வழுக்கை விழுந்து, மிச்சமிருந்தது காதோரம்தான். இன்னொரு சிப்பாயைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் சிரித்தார்கள். "போ, போ" என்று விட்டார்கள். என் தலை யாருக்காவது உதவியது அந்த ஒரு முறைதான்.

பியதாச மாத்தயாவின் வீடு சின்னது, சுத்தமானது. எங்களைக் கண்டதும் சந்தோஷப்பட்டு உள்ளே கூப்பிட்டார். சுவரில் சீருடையில் ஒரு இளைஞனின் படம். அதற்குக் கீழே கண்ணாடிக் கதவுபோட்ட அலுமாரியில் எங்கள் பெட்டிகள் வரிசையாக. எட்டுப் பழையவை, ஒன்பதாவது இன்றையது. ஒன்றும் திறக்கப்படவில்லை. வீட்டில் கொம்பியூட்டர் இருந்த சாடையே இல்லை.

"மகன்" என்றார், நான் படத்தைப் பார்ப்பதைப் பார்த்து. "ஆமியில. வடக்கில நிற்கிறான். சின்னதில இருந்தே இந்தப் பைத்தியம். போன மாசமே லீவு எண்டான், கிடைக்கல. ஒவ்வொரு மாசமும் ஒண்ணு வாங்கி வைக்கிறன். கொம்பியூட்டர் அவன் வந்து வாங்குவான். இதை அவன்தான் உடைக்கணும், மல்லி." சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி.

இவரிடம் போய், உங்கள் மகனுடைய பெட்டிக்குள் ஒரு யாழ்ப்பாணத்துப் பொடியனின் பொலிஸ் துண்டு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? நான் பொய்யைத் தொடங்கினேன். புத்தகத்தில் ஒரு பக்கம் கொம்பனியால் பிழையாக வந்துவிட்டது, மாற்றித் தரவேண்டும் என்றேன். அவர் சிரித்தார்: பரவாயில்லை, மகன் பார்த்துக்கொள்வான். பிளொப்பியில் கோளாறு என்றேன். அதையும் மகன் பார்த்துக்கொள்வானாம். பெட்டியே வேறு ஒருவர் முன்பதிவு செய்தது என்றேன். அவர் முகம் மாறியது.

"விலை ஏறிட்டுதா மல்லி? கூட்டிக் கேட்டா தந்திருப்பேனே. வாங்கினதைத் திருப்பிக் கேக்கிறது நல்லாயில்ல."

ஐயா என் தோளில் கை வைத்து என்னைப் பின்னுக்குத் தள்ளினார். அவருடைய சிங்களம் மெதுவானது, சுத்தமானது. எல்லாவற்றையும் சொன்னார். நாங்கள் பெட்டியைத் திறப்பது, கொப்பி எடுப்பது, மூடுவது. ரீச்சர். துண்டு. நாலு மணி. ஒன்றையும் மறைக்கவில்லை. நான் த்ரீவீல்காரன் இன்னும் நிற்கிறானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டேன்.

மாத்தயா ஒன்பதாவது பெட்டியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒட்டுக்கோட்டை நகத்தால் தடவினார். மூலைகளைப் பார்த்தார். நீண்ட நேரம்.

"பொய்" என்றார். "இது கொம்பனி சீல். மனுசன் கையால இப்படிச் செய்ய முடியாது."

நாற்பது வருட வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான். ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த கணம் மணிக்கூட்டைப் பார்த்தேன், இரண்டு மணி. "ஐயோ மாத்தயா, நான்தான் செய்தனான்" என்றேன். "இல்லை" என்றார். "மூலையைப் பாருங்கோ" என்றேன். "பார்த்தேன். கொம்பனி." களவு செய்தவன் நான்தான் என்று நிற்கிறான், களவு கொடுத்தவர் உன்னால் முடியாது என்கிறார். இப்படி ஒரு வழக்கை எந்த நீதிமன்றமும் கண்டிருக்காது.

"ஒரு பெட்டி தாங்கோ" என்றேன். "எந்தப் பெட்டியெண்டாலும்."

அதுவரை கதவுநிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி உள்ளே போய் ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அயனை மின்சாரத்தில் போட்டேன். பொலித்தீனை வெட்டினேன். அடிமட்டத்தை வைத்தேன். என் கால் ஆடிக்கொண்டிருந்தது, கை மட்டும் ஆடவில்லை. அதற்கு இன்றுவரை எனக்குக் காரணம் தெரியாது. ஒரே இழுப்பு. இரண்டு துளை. ஹெயார் டிரையர். ஐந்து எண்ணினேன். அந்த அம்மா குனிந்து, பொலித்தீன் சுருங்கி மட்டையோடு ஒட்டுவதைப் பார்த்தார். காதுகளைச் சீவி, பெட்டியை மாத்தயாவின் கையில் கொடுத்தேன்.

ஒரு கையில் சப்பாத்துப் பெட்டி, மறு கையில் கோட்டை. மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் இருந்தார். வயது திடீரென்று கூடிவிட்டது போல இருந்தது. அவர் கை பெட்டியின் மேல் இருந்தது; எடுக்கவில்லை.

அந்த அம்மாதான் குசினிக்குள் போய்க் கத்தியைக் கொண்டுவந்தார். கணவரிடம் கொடுக்கவில்லை. தானே உறையைக் கிழித்தார்.

புத்தகத்தை எடுத்து முப்பதாம் பக்கத்தைத் திறந்தேன். துண்டு அங்கே இருந்தது, கோட்டை மதிலில் சாய்ந்துகொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி.

மாத்தயா கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டு வாசித்தார். பெயர். வயது. லொட்ஜின் விலாசம். கொழும்பில் தங்குவதற்கான காரணம். முத்திரையைப் பார்த்தார். எனக்கு அந்த நேரம் அரை மணித்தியாலம். ஐயா ஒரு நிமிஷம்கூட இல்லை என்கிறார். பிறகு மாத்தயா துண்டை மடித்து ஐயாவிடம் கொடுத்தார். அலுமாரியைப் பார்த்தார்.

"அந்த எட்டு?"

எனக்கு ஐயாவின் காலை மிதிக்கவேண்டும் போல இருந்தது. ஒரு சின்னப் பொய், ஒன்றே ஒன்று, இந்த ஒரு நாளைக்கு.

"எட்டும் நாங்கள் மூடினதுதான் மாத்தயா" என்றார் ஐயா. "ஒண்டுவிடாமல். எல்லாத்தையும் திருப்பி எடுக்கிறன்."

மாத்தயா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. திறந்து கிடந்த பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"இதையும் மூடிட்டுப் போங்க. அதுகளைப் போலவே." கொஞ்சம் பொறுத்து, "மகனுக்குச் சொல்ல வேணாம்" என்றார்.

நாலு நிமிஷத்தில் மூடினேன். ஐயா பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. மணக்கவும் இல்லை. நாங்கள் வாசலைத் தாண்டும்போது அந்த அம்மா ஒன்பதாவது பெட்டியை அலுமாரியில் மற்றவற்றோடு நேராக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

மறுபடி த்ரீவீலில் ஏறினோம். துண்டு ஐயாவின் சேர்ட் பையில், கை அதன் மேல். கிருலப்பனையில் நீண்ட வரிசை. நான் இறங்கி நடக்கலாம் என்றேன். ஐயா இருக்கச் சொன்னார். மறுபடி இறங்கலாம் என்றேன். மறுபடி இருக்கச் சொன்னார். வெள்ளவத்தைக்கு வந்தபோது நாலுக்குப் பத்து நிமிஷம். ஒழுங்கை முனையில் ஜீப் நின்றது. நான்கு வீடு தள்ளி ஒரு லொட்ஜுக்குள் இருந்து பொலிஸ்காரர் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

ரீச்சர் லொட்ஜ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐயா துண்டைக் கொடுத்தார். ரீச்சர் விரித்து, முத்திரையைப் பார்த்து, பின்பக்கத்தையும் பார்த்து, மாடிக்கு ஏறினார். நாங்கள் எதிர்ப்பக்கத்துக் கடையில் சோடா வாங்கிக்கொண்டு நின்றோம். நான் சோடாவைக் குடிக்கவில்லை, ஆட்டிக்கொண்டே நின்றேன். கடைக்காரர் "அது வெடிக்கும் அண்ணே" என்றார்.

பொலிஸ்காரர் உள்ளே போனார்கள். மாடியில் கதவு தட்டும் சத்தம், பிறகு கதவுகள் திறக்கும் சத்தம். பிறகு சத்தமே இல்லை. ஐயா வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்தார்கள். அவர்களோடு யாரும் வரவில்லை. ஜீப் கிளம்ப நேரம் எடுத்தது. ஒருவன் பின்னால் ஏறி, திரும்ப இறங்கி, மறந்த எதையோ எடுத்து வந்தான்.

அப்போதுதான் குகனை முதன்முதலாகக் கண்டேன். ஒல்லியான பொடியன், கசங்கின சேர்ட். படியிறங்கி, லொட்ஜ் வாசலைத் தாண்டி, நடைபாதையில் வந்து நின்றான். ஜீப் அவனுக்கு முன்னால் பத்தடியில். துண்டு கையில் இருந்தது. மறைக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. வெயில் நேராக முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு காலி வீதிப் பக்கம் பார்த்தான், பிறகு கடல் பக்கம் பார்த்தான். ஐந்து கிழமையாக அந்தத் தெருவில் அவன் கால் வைத்திருக்கவில்லை என்று பிறகு ரீச்சர் சொன்னார்.

மாடி ஜன்னலில் ரீச்சரின் தலை தெரிந்தது.

"குகன், உள்ளுக்கு வா."

"வாறனம்மா" என்றான்.

ஜீப் புறப்பட்டுப் போனது. பொடியன் நின்ற இடத்திலேயே நின்றான்.